கரண்ட் போனால் மட்டும் மினுக்கும் லேப்டாப் திரை: பேனலை மாற்றும் முன் செய்து பார்க்க வேண்டியவை

ஏற்காட்டில் காபிப் பழம் பறிக்கும் காலம் வந்துவிட்டால் எங்கள் பெரியப்பாவைப் பிடிக்க முடியாது. அங்கே ஓர் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறார். யார் எத்தனை கிலோ பறித்தார்கள், யாருக்கு எவ்வளவு முன்பணம் போயிருக்கிறது, எல்லாம் எக்செல்லில். ஒரு டிசம்பரில், கூலி கொடுக்கும் நாளாகப் பார்த்து, அவருடைய லேப்டாப் திரை மினுக்க ஆரம்பித்தது. 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி சேலத்தில் ஒரு கடையில் காட்டினார். அங்கே அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தார்கள். திரை ஆடவும் இல்லை, அசையவும் இல்லை. மேலே போனதும் மறுபடி மினுக்கல். இரண்டாவது முறை இறங்கி வந்தபோது கடைக்காரர் யோசிக்கவே இல்லை: "மலைப் பனில ஈரம் இறங்கிருக்கும் சார், பேனல் மாத்தணும், 7,500 ஆகும்."

பெரியப்பா அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "காசு கூட பெருசில்ல கண்ணு, மாத்தியும் நிக்கலன்னா என்ன பண்றது?"

என் மேசையிலும் அன்று முழுக்க நல்லபிள்ளையாக ஓடியது. மறுநாள் எங்கள் அஸ்தம்பட்டிப் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலை 9 மணிக்கு ஃபேன் நின்றது. அது சுற்றி ஓய்வதற்குள் திரை ஒரு சிமிட்டு சிமிட்டியது. கொஞ்சம் விட்டு இன்னொன்று. கடையிலும் என் மேசையிலும் சார்ஜர் செருகியே இருந்திருக்கிறது. மலையில் காற்றும் மழையும் வந்தால் கரண்ட் நிற்பதில்லை, பெரியப்பா பாதி நாள் பேட்டரியில்தான் வேலை பார்க்கிறார். பனியும் இல்லை, ஈரமும் இல்லை. பேட்டரிக்குப் போனால் மட்டும் வேலை செய்யும் ஒரு செட்டிங். அதை அணைக்க 2 நிமிடம்கூட ஆகவில்லை.

அதனால் திரையில் என்ன தெரிகிறது என்று யாராவது போனில் விவரிக்க ஆரம்பித்தால் இப்போதெல்லாம் நான் இடைமறித்து ஒன்றுதான் கேட்கிறேன்: எப்போது வருகிறது? இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது. மெனுப் பெயர்களை விண்டோஸ் 11-ல் உள்ளபடி சொல்கிறேன். 10-ல் பெரும்பாலும் அதே இடம்தான், சில பெயர்கள் மட்டும் மாறும்.

கை வைப்பதற்கு முன்

ஒரு காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த செட்டிங்கை மாற்றினாலும் மாற்றுவதற்கு முன் போனில் ஒரு படம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஐந்தை ஒரே மூச்சில் மாற்றிவிட்டு "சரியாயிடுச்சு" என்பவர்கள் அடுத்த மாதம் அதே கோளாறோடு வருவார்கள், எது சரி செய்தது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஏதாவது கெட்டால் பழைய நிலைக்குத் திரும்ப, ஸ்டார்ட்டில் "ரிஸ்டோர் பாயிண்ட்" என்று தேடி ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். இதைவிட முக்கியமானது பிட்லாக்கர், டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. உங்கள் டிரைவ் பூட்டப்பட்டிருந்தால், பின்னால் சேஃப் மோடுக்கு (குறைந்தபட்ச வசதிகளோடு விண்டோஸ் எழும் முறை) போகும்போது 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கலாம். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். போனில் அந்தக் கணக்கைத் திறந்து கீ இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். திரையைச் சரி செய்யப் போய் மொத்த லேப்டாப்பும் பூட்டிக்கொண்ட கதைகள் உண்டு.

முதல் படி: கோளாறு எந்தப் பக்கம்

லேப்டாப்பை அணைத்து, மறுபடி ஆன் செய்யும்போதே பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் எழுவதற்கு முன்பே வரும் அடிப்படை செட்டிங் பக்கத்துக்குள் போங்கள். டெல், ஏசர், ஆசுஸ் பலவற்றில் எஃப்2, ஹெச்பியில் எஃப்10, லெனோவோவில் எஃப்1 அல்லது எஃப்2. அங்கே விண்டோஸும் கிடையாது, திரை போன்ற பாகங்களை இயக்க அது வைத்திருக்கும் மென்பொருளான டிரைவரும் கிடையாது. அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். மினுக்கல் பேட்டரியில் வருகிறது என்றால் சார்ஜரைக் கழற்றி வைத்துத்தான் இந்தச் சோதனை. அங்கேயும் மினுக்கினால், கோடு விழுந்தால், இந்த வழிகாட்டியில் உங்களுக்கு வேலை குறைவு. மூடியை மெதுவாக முன்னும் பின்னும் சாய்க்கும்போது கோளாறு கூடிக் குறைந்தால் கீல் வழியாகப் போகும் டிஸ்ப்ளே கேபிள்தான் முதல் சந்தேகம். பேனலைவிட அது விலை குறைவு என்பதைக் கடையில் நினைவுபடுத்துங்கள்.

பயாஸில் சுத்தமாக இருந்தால் விண்டோஸுக்குள் வந்து, கோளாறு தெரியும் நேரத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். விண்டோஸ் கீ, ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். அந்தப் படத்தைப் போனுக்கு அனுப்பி அதில் பாருங்கள். கோளாறு படத்திலும் இருக்கிறது என்றால், படம் வரையப்படும் இடத்திலேயே தப்பு: ஆப், டிரைவர், ஸ்கேலிங் (எழுத்தையும் படத்தையும் பெரிதாக்கிக் காட்டும் அளவு), கிராஃபிக்ஸ் சிப்.

படத்தில் இல்லை என்றால்? இங்கேதான் பல கடைகள் சறுக்குகின்றன. "ஸ்கிரீன்ஷாட்டில் வரல, அப்ப பேனல்தான்" என்று முடித்துவிடுவார்கள். பெரியப்பாவின் கடைக்காரர் பனியைக் காரணம் சொன்னாலும், நேராகப் போய் நின்றது பேனலில்தான். படம் வரையப்பட்ட பிறகு பேனலுக்குப் போய்ச் சேரும் வழியில் இன்னும் சில செட்டிங்குகள் உட்கார்ந்திருக்கின்றன. பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ் (கீழே விளக்குகிறேன்), ரிஃப்ரெஷ் ரேட் (திரை நொடிக்கு எத்தனை முறை புதிதாக வரையப்படுகிறது என்பது), வெளிச்சத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி, இரவில் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட். இவை எதுவுமே பொதுவாக ஸ்கிரீன்ஷாட்டில் விழாது. எனவே படத்தில் இல்லை என்பதற்கு அர்த்தம், பேனலாகவும் இருக்கலாம், இந்த நால்வராகவும் இருக்கலாம் என்பதுதான்.

மூன்றாவது சோதனை மைக்ரோசாஃப்டே சொல்வது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். திரையோடு சேர்ந்து டாஸ்க் மேனேஜரும் மினுக்கினால் டிஸ்ப்ளே டிரைவர் பக்கம் பாருங்கள். சுற்றிலும் மினுக்க, டாஸ்க் மேனேஜர் மட்டும் அசையாமல் நின்றால் ஏதோ ஓர் ஆப் ஒத்துப்போகவில்லை. அண்மையில் போட்ட ஆன்டிவைரஸ், வால்பேப்பர் மாற்றும் ஆப் இவற்றில் தொடங்குங்கள்.

வீட்டு டிவியில் ஹெச்டிஎம்ஐ கேபிள் போட்டும் பார்க்கலாம். டிவியிலும் அதே கோளாறு என்றால் பேனல் மேல் பழி போட முடியாது.

இரண்டாம் படி: எப்போது வருகிறது

காகிதத்தில் இவற்றுக்குப் பதில் எழுதுங்கள். சார்ஜரிலா, பேட்டரியிலா, இரண்டிலுமா? அசையாத பக்கத்திலா, வீடியோ ஓடும்போதா? எல்லா ஆப்பிலுமா, ஒன்றில் மட்டுமா? ஆன் செய்த உடனேயா, சூடேறிய பிறகா? எந்த நாளிலிருந்து? கடைசிக் கேள்விக்கு எல்லோரும் "தெரியல" என்பார்கள். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அதற்குள் அப்டேட் ஹிஸ்டரி, அதில் டிரைவர் அப்டேட்ஸ் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். தேதியோடு இருக்கும். கோளாறு ஆரம்பித்த வாரத்தில் டிஸ்ப்ளே டிரைவர் ஒன்று வந்து இறங்கியிருந்தால் பாதி வேலை முடிந்தது, கீழே டிரைவர் பகுதிக்கே போய்விடலாம்.

கை பட்டு வரும் கோளாறுகள்

இவற்றை வேகமாகத் தாண்டிவிடுவோம். திரை தலைகீழாகத் திரும்பிவிட்டதா? செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அதில் டிஸ்ப்ளே ஓரியன்டேஷனை லேண்ட்ஸ்கேப் ஆக்குங்கள். பழைய இன்டெல் டிரைவர்களில் கன்ட்ரோல், ஆல்ட், மேல் அம்பு அழுத்தினாலும் திரும்பும், வீட்டில் குழந்தை திருப்பியதும் அப்படித்தான். எல்லாம் கறுப்பு வெள்ளையாகிவிட்டால் ஆக்சஸிபிலிட்டியில் கலர் ஃபில்டர்ஸை அணையுங்கள். திரை பூதாகரமாகப் பெரிதாகி மவுஸோடு நகர்கிறது என்றால் மேக்னிஃபையர், விண்டோஸ் கீயும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் போய்விடும். சாயங்காலம் ஆனால் மஞ்சள் பூசிக்கொள்கிறது என்றால் நைட் லைட். பகலிலும் மஞ்சள் என்றால், ஸ்டார்ட்டில் கலர் மேனேஜ்மென்ட் என்று தேடித் திறந்து, உங்கள் டிஸ்ப்ளேயில் ஏதாவது கலர் ப்ரொஃபைல் ஏறியிருக்கிறதா பாருங்கள். பெயரைக் குறித்துக்கொண்டு எடுத்துவிடுங்கள், பிடிக்கவில்லை என்றால் திரும்பச் சேர்க்கலாம். வண்ணமெல்லாம் வெளுத்துப்போய்த் தெரிந்தால் ஹெச்டிஆர் (வெளிச்ச வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் முறை) ஆன் ஆகியிருக்கலாம். விண்டோஸ் கீ, ஆல்ட், பி (B) அழுத்தினால் அது மாறும்.

பேட்டரியில் மட்டும் மினுக்கல்

பெரியப்பாவின் கதை இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் ஒரு பக்கத்தைச் சும்மா படித்துக்கொண்டிருந்தாலும், சாதாரணத் திரை ஒரு நொடிக்கு 60 முறை புதிதாக வரையப்படுகிறது. எதுவுமே மாறாதபோது 60 முறை அதே படத்தை அனுப்புவது வீண்செலவு அல்லவா? அதனால் பேனலுக்குள் சிறு நினைவகம் ஒன்றை வைத்தார்கள். படம் மாறவில்லை என்றால் கடைசிப் படத்தைப் பேனல் தானே வைத்துக்கொண்டு காட்டும், கிராஃபிக்ஸ் பகுதி அந்த நேரம் கண்ணயரும். இதுதான் பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ். நல்ல யோசனைதான், பேட்டரி மிச்சமாகிறது. ஆனால் தூங்கப் போகும்போதும் எழும்போதும் பேனலும் டிரைவரும் கைமாற்றிக்கொள்ள வேண்டும். அந்தக் கைமாற்றம் நொடியில் ஒரு துளி பிசகினால் உங்கள் கண்ணுக்கு அது ஒரு சிமிட்டல்.

அடையாளம் கண்டுபிடிப்பது எளிது. கரண்ட் போன அன்று பெரியப்பாவின் கூலிப் பட்டியலைத் திறந்து வைத்துக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். பத்துப் பதினைந்து நொடிக்கு ஒரு முறை கீழ்ப்பாதியில் ஒரு மெல்லிய துடிப்பு. மவுஸைத் தொட்டதும் ஒன்று. பிறகு ஹார்டு டிஸ்க்கில் இருந்த கல்யாண வீடியோவை ஓடவிட்டேன். ஐந்து நிமிடம் ஒரு சிமிட்டல் இல்லை. வீடியோவில் படம் மாறிக்கொண்டே இருப்பதால் பேனல் தூங்கவே போகவில்லை. நிறுத்தினேன், திரும்ப ஆரம்பித்தது. உங்கள் லேப்டாப்பிலும் அசையாத பக்கத்தில் மினுக்கி, வீடியோவில் அடங்கினால் இதையே சந்தேகியுங்கள்.

இன்டெல் சிப் உள்ள லேப்டாப் என்றால் ஸ்டார்ட்டில் இன்டெல் கிராஃபிக்ஸ் கமாண்ட் சென்டர் என்று தேடுங்கள். இல்லாவிட்டால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசம். புதிய மாடல்களுக்கு இன்டெல் கிராஃபிக்ஸ் சாஃப்ட்வேர் என்ற வேறு ஆப் வந்திருக்கிறது, மெனு அடுக்கு மாறியிருக்கும். கமாண்ட் சென்டரில் இடது பக்கம் சிஸ்டம், மேலே பவர். அங்கே ஆன் பேட்டரி என்று ஒன்றும் பிளக்டு இன் என்று ஒன்றும் தனித்தனியாக இருக்கும். ஆன் பேட்டரியைத் திறந்து, பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ் என்பதை அணையுங்கள். ஒரு முறை ரீஸ்டார்ட். சார்ஜரைக் கழற்றிவிட்டு அதே பக்கத்தைத் திறந்து கையைக் கட்டிக்கொண்டு 10 நிமிடம்.

என்விடியா கார்டு உள்ள லேப்டாப் வைத்திருப்பவர்கள் "என்னுடையது இன்டெல் இல்லையே" என்பார்கள். இரண்டு கிராஃபிக்ஸும் உள்ள பல லேப்டாப்களில் திரைக்குப் போகும் கம்பி இன்டெல் பக்கம்தான் இருக்கிறது. என்விடியா கணக்குப் போட்டுக் கொடுக்கும், திரையில் காட்டுவது இன்டெல். ஆகவே இந்த செட்டிங்கை இன்டெல் ஆப்பில்தான் தேட வேண்டும்.

அதே பவர் பக்கத்தில் இன்னொரு ஆள் இருக்கிறார், டிஸ்ப்ளே பவர் சேவிங்ஸ். இது சிமிட்டாது. வெள்ளைப் பக்கத்திலிருந்து கறுப்புப் பக்கத்துக்குப் போனால் யாரோ ரெகுலேட்டரைத் திருகுவதுபோல் வெளிச்சம் மெல்ல ஏறும், இறங்கும். எக்செல்லுக்கும் போட்டோவுக்கும் மாறி மாறிப் போய்ப் பாருங்கள், தெரிந்துவிடும். அணைத்துவிடுங்கள். ஏஎம்டி சிப்பில் இதே வேலையைச் செய்வது வேரி-பிரைட், ஏஎம்டி சாஃப்ட்வேரில் டிஸ்ப்ளே பக்கத்தில் இருக்கும்.

இத்தனையையும் அணைத்த பிறகும் வெளிச்சம் தானாக ஏறி இறங்கினால், விண்டோஸே அதைச் செய்கிறது. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, பிரைட்னஸ் பக்கத்தில் உள்ள அம்புக்குறியை விரியுங்கள். உள்ளடக்கத்தைப் பொறுத்து வெளிச்சத்தை மாற்று என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதை ஆஃப் ஆக்குங்கள். லைட் சென்சார் உள்ள மாடல்களில், அறை வெளிச்சத்தைப் பொறுத்து மாற்றும் வசதியும் அங்கேயே தெரியும். ஏற்காட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் மேகம் வந்து போகும் ஒவ்வொரு முறையும் அது வேலை காட்டும்.

ரிஃப்ரெஷ் ரேட்

சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே. அங்கே இப்போது ஓடும் ஹெர்ட்ஸ் தெரியும். டைனமிக் என்று இருந்தால் 60 அல்லது 120 என நிலையான ஒன்றுக்கு மாற்றிப் பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் லேப்டாப்கள் சில, சார்ஜரைக் கழற்றியதும் தாமாகவே 60-க்கு இறங்கும், அப்போது திரை ஒரே ஒரு முறை கறுப்பாகி வரும். அது கோளாறு இல்லை, வடிவமைப்பு. விடாமல் மினுக்கினால்தான் கவலை.

பிரவுசரில் மட்டும், ஓர் ஆப்பில் மட்டும்

குரோமில் கறுப்புக் கட்டங்கள், யூடியூபில் பச்சைத் திரை, மற்ற எல்லாம் சரி. குரோம் செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் கிராஃபிக்ஸ் ஆக்ஸிலரேஷனை அணைத்து ரீலாஞ்ச் செய்யுங்கள். எட்ஜிலும் இதே இடம்தான். சரியானால், பிழை டிரைவரில் என்று அர்த்தம், பிரவுசரில் இல்லை. டிரைவரைச் சரி செய்த பிறகு இதைத் திரும்ப ஆன் செய்துவிடுங்கள். மறந்தால் வீடியோ பார்க்கும்போதெல்லாம் ஃபேன் கத்தும், பேட்டரி கரையும்.

மங்கல், பொய்க் கோடு: அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு பாடம்

மினுக்கல் பணத்தைத்தான் தின்னும். ஸ்கேலிங் கோளாறு வேலையையே கெடுக்கும். என் சித்தி மகள் அம்மாப்பேட்டையில் பட்டுச் சேலைக்கு ஜக்கார்டு டிசைன் போடுகிறாள். கணினியில் கிராஃப் மாதிரி கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு கட்டம் என்றால் பாவும் ஊடையும் (நீள இழையும் குறுக்கிழையும்) சந்திக்கும் ஒரு புள்ளி. புது லேப்டாப் வாங்கிய மாதம் போன் செய்தாள். "அண்ணா, டிசைன்ல அங்கங்க ஒரு கோடு தடிச்சுத் தெரியுது. திருத்தி அனுப்பினேன், தறியில ஓட்டிப் பாத்தா நான் திருத்தின இடத்துலதான் தப்பு வருது!"

போய்ப் பார்த்தேன். ஊசி முனையை வைத்துத் திரையில் கோடு எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்காவது தடித்திருக்கிறது. மறுபடி மூன்று மெல்லியது, நான்காவது தடிப்பு. நாலுக்கு ஒன்று என்று இவ்வளவு ஒழுங்காக வந்தால் அது டிசைனிலோ பேனலிலோ இருக்கும் பிழை அல்ல, யாரோ கணக்குப் போட்டுச் செய்திருக்கிறார்கள். ஸ்கிரீன்ஷாட்டிலும் அதே தடிப்பு விழுந்தது.

கணக்கு இதுதான். லேப்டாப் ஸ்கேலிங் 125 சதவீதத்தில் இருந்தது. 4 புள்ளிகளை 5 புள்ளி இடத்தில் விரிக்க வேண்டும். புள்ளியைப் பாதியாகப் பிளக்க முடியாது, ஒன்று இரட்டிக்கும், அல்லது எல்லாம் பக்கத்துப் புள்ளியோடு கலந்து மங்கும். 150 சதவீதத்தில் 2 புள்ளி 3 ஆகும், அங்கே ஒன்றுவிட்டு ஒன்று கெடும். 100, 200 போன்ற முழு மடங்கில் மட்டுமே எல்லாக் கோடும் ஒரே அளவு. புதிய ஆப்கள் ஸ்கேலிங்கைத் தெரிந்துகொண்டு தாங்களே சரியாக வரையும். அவளுடைய டிசைன் சாஃப்ட்வேர் பழசு. அதற்கு ஸ்கேலிங் என்றால் என்னவென்றே தெரியாது, அது வரைந்ததை விண்டோஸ் பிடித்து இழுத்து விரித்துவிடுகிறது. பாவம், இல்லாத தடிப்பைத் திருத்தப் போய் நல்ல இழையைக் கெடுத்திருக்கிறாள்.

சரி செய்யும் விதம்: அந்த ஆப்பின் ஐகானை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், மேலே கம்பேட்டிபிலிட்டி, கீழே சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ். திறக்கும் பெட்டியின் அடியில் ஹை டிபிஐ ஸ்கேலிங் பிஹேவியரை ஓவர்ரைடு செய்யும் கட்டத்தை டிக் செய்து, பட்டியலில் அப்ளிகேஷன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஓகே, ஓகே, ஆப்பை மூடித் திறங்கள். இனி விண்டோஸ் இழுக்காது. பட்டன்கள் எறும்பு மாதிரி சிறுத்துப்போகும் என்பது நிஜம், அவள் இன்றைக்கும் அதற்காக என்னைத் திட்டுகிறாள். ஆப்புக்குள் ஜூம் வைக்கும்போதும் 100, 200, 300, 400 என்று முழு மடங்காகவே வைக்கச் சொன்னேன். 150-லோ 250-லோ வைத்தால் அதே பொய்க் கோடு வேறு வாசல் வழியாக வரும்.

எழுத்து மட்டும் மங்கலாகத் தெரிகிறது, கோடு பிரச்சினை இல்லை என்பவர்கள் டிஸ்ப்ளே பக்கத்தில் ரெசல்யூஷனில் பரிந்துரை என்று குறித்திருப்பதை வையுங்கள். அதைக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்குவதே மங்கலுக்கு முதல் காரணம். பெரிதாக வேண்டுமானால் ஸ்கேலைக் கூட்டுங்கள், ரெசல்யூஷனைத் தொடாதீர்கள். ஸ்கேலை மாற்றினால் ஒரு முறை சைன் அவுட் செய்து வாருங்கள். பிறகு ஸ்டார்ட்டில் கிளியர்டைப் என்று தேடி, அது காட்டும் எழுத்துகளில் தெளிவானதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் முடிந்தது.

டிரைவர்: கடைசியில் தொட வேண்டியது

யாரைக் கேட்டாலும் முதல் ஆலோசனையே "டிரைவர் அப்டேட் பண்ணுங்க" என்பதுதான். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாதிக் கோளாறுகள் அப்டேட்டால்தான் வருகின்றன. முதலில் மேலே சொன்னவற்றைப் பாருங்கள்.

திரை உறைந்துவிட்டால், அல்லது துண்டு துண்டாகத் தெரிந்தால், விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு பீப், திரை ஒரு நொடி கறுத்து வரும். டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கியிருக்கிறது, திறந்திருந்த கோப்புகள் அப்படியே இருக்கும். இதனால் சரியானால் டிரைவர்தான் என்பது ஏறக்குறைய உறுதி. கூடுதல் சாட்சி வேண்டுமானால் விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் பகுதியில் 4101 என்ற எண்ணைத் தேடுங்கள். கிராஃபிக்ஸ் பகுதி 2 நொடிக்கு மேல் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதைத் தட்டி எழுப்புகிறது, எழுப்பியதை அந்த எண்ணில் எழுதி வைக்கிறது.

பழைய டிரைவருக்குத் திரும்ப, ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜர், டிஸ்ப்ளே அடாப்டர்ஸ், உங்கள் கார்டில் இரட்டைக் கிளிக், டிரைவர், ரோல் பேக். அந்தப் பட்டன் மங்கியிருந்தால் முந்தைய டிரைவர் அங்கே சேமிப்பில் இல்லை. அப்போது அதே பக்கத்தில் அப்டேட் டிரைவர், கணினியிலேயே தேடு, பட்டியலிலிருந்து நானே தேர்ந்தெடுக்கிறேன் என்று போனால் வேறு பதிப்புகள் சில கிடக்கலாம். ஒன்றும் இல்லையா, லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் சீரியல் எண்ணைக் கொடுத்து, அந்த மாடலுக்கென்று அவர்கள் வைத்திருக்கும் டிரைவரை எடுங்கள். சிப் நிறுவனத்தின் புத்தம் புதிய பொது டிரைவரைவிட, தேதி பழசானாலும் இதையே முதலில் போடுவேன். உங்கள் பேனலோடு வைத்துச் சோதித்தது அவர்கள்தான்.

அதுவும் பிடிக்கவில்லை என்றால் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவசக் கருவி பழையதைத் துடைத்தெடுக்கும். புது டிரைவரை முன்பே டவுன்லோட் செய்து வைத்துக்கொண்டு, வைஃபையை அணைத்துவிட்டு, சேஃப் மோடில் ஓட்ட வேண்டும். வைஃபை ஆன் ஆக இருந்தால், நீங்கள் போடுவதற்குள் விண்டோஸ் தன் கையிலிருக்கும் ஒன்றைப் போட்டுவிடும். சேஃப் மோடுக்குப் போக ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட், பிறகு ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், 4 என்ற எண். சேஃப் மோடில் விண்டோஸின் எளிய டிஸ்ப்ளே டிரைவர்தான் ஓடும். அங்கே கோளாறே இல்லை என்றால் அதுவே ஒரு நல்ல சோதனை முடிவு, காகிதத்தில் எழுதுங்கள். எல்லாம் முடிந்ததும் விண்டோஸ் அப்டேட்டை ஒரு வாரம் நிறுத்தி வைத்துப் பாருங்கள்.

கடைக்குப் போக வேண்டி வந்தால்

பயாஸிலும் வருகிறது, டிவியில் வரவில்லை, மூடியை அசைத்தால் மாறுகிறது என்றால் கடைக்குத்தான் போக வேண்டும். காகிதத்தைக் கையோடு கொண்டு போங்கள். கோளாறு வரும்போது எடுத்த போன் வீடியோவும் இருக்கட்டும். உங்கள் கண் முன்னால் சார்ஜரோடும் சார்ஜர் இல்லாமலும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கேபிளைச் சோதித்தீர்களா என்று கேளுங்கள். பேனலை மாற்றினால் பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரியப்பா அடுத்த கூலி நாளன்று மேலிருந்து போன் செய்தார். மழை, கரண்ட் இல்லை, பட்டியல் முடிந்தது, திரை மினுக்கவில்லை. "ஆனா கண்ணு, சார்ஜ் முன்ன மாதிரி நிக்கலையே?" நிற்காதுதான். தூங்கிக்கொண்டிருந்ததை எழுப்பி நாள் முழுக்க வேலை வாங்குகிறோம். பிரைட்னஸைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன். அடுத்த டிரைவர் வந்ததும் பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷை ஒரு முறை ஆன் செய்து பார்க்க வேண்டும் என்று காகிதத்தின் கடைசி வரியில் அவரையே எழுதிக்கொள்ளச் சொன்னேன்.